சுங்குடி: முடிச்சும் அச்சும்

தஞ்சைத் தரணியின் சாயக்கலைகளைப் பற்றிப் பேசப் புகுவோர் கோடாலிக் கருப்பூரை நினையாமல் இருக்க முடியாது. கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள அச்சிற்றூரில், பருத்தியோடு சரிகை கலந்து நெய்து, மெழுகால் சித்திரமெழுதி, சாயவேரின் செந்நிறத்தில் தோய்த்தெடுத்த சேலைகள் மராட்டிய அரண்மனையின் ஆதரவில் வளர்ந்தன. 1855 ஆம் ஆண்டு தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்து, அரசு கம்பெனியார் வசமானபோது, அந்த ஆதரவோடு கலையும் க்ஷீணித்தது. அரண்மனையை நம்பாமல் சாமானிய இல்லங்களை நம்பிய சுங்குடியோ இன்றும் ஜீவித்திருக்கிறது. எவ்விதம் ஜீவித்திருக்கிறது என்பதே நாம் ஆராய வேண்டியது.

சுங்குடி சௌராஷ்டிர சமூகத்தாரின் பரம்பரைக் கைத்தொழில். அவர்கள் மதுரையில் மட்டுமன்றிக் கும்பகோணம், தஞ்சை, அய்யம்பேட்டை முதலிய காவிரிக்கரை ஊர்களிலும் வாழ்பவர்களாயினும், துணியை நூலால் கட்டிச் சாயமிடும் இவ்வித்தை மதுரையிலேயே பெருந்தொழிலாக வளர்ந்தது. அங்கிருந்து வந்த சேலைகளே நம் டெல்டாக் கிராமங்களின் பெட்டிகளில் நிறைந்தன. சித்திரை வெயிலிலும் அடுப்பங்கரை வெக்கையிலும் உடலை உறுத்தாமல், துவைக்கத் துவைக்க மிருதுவாகும் மெல்லிய பருத்திப் புடவைக்கு, வயலும் வீடுமாக உழைக்கும் பெண்களிடையே மதிப்பு உண்டானதில் வியப்பில்லை.

துணியை மடித்துப் புள்ளி குறித்து, குறித்த இடத்தில் விரல்நுனியால் துளியளவு கிள்ளியெடுத்து, அதன் கழுத்தில் நூலை இறுகச் சுற்றி முடிந்துவிட்டால், சாயத் தொட்டியில் எத்தனை நேரம் கிடந்தாலும் அக்கட்டுக்குள் நிறம் புகாது. உலர்ந்தபின் அவிழ்க்கும்போது, நடுவே ஒரு சிறு பொட்டும் அதைச் சூழ்ந்த வெண்வளையமுமாகப் புள்ளி மலர்கிறது. கிள்ளிய இடத்தில் துணி சற்றே மேலெழும்பி நிற்கும். விரலால் தடவினாலே அது தெரியும். நெருக்கமான வேலைப்பாடுள்ள சேலையொன்றில் இத்தகைய முடிச்சுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். கட்டுவதற்கு மட்டுமே பத்துப் பதினைந்து நாட்கள் செல்வதுண்டு.

கைவேலையின் ஒழுங்கின்மையே அதன் அழகு என்று ரசிகர்கள் சிலர் சொல்வதை நான் முழுவதும் ஒப்புக்கொள்ளேன். ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் மயிரிழை வேற்றுமை இருப்பது உயிருள்ள கையின் அடையாளம். ஆனால் நூல் தளர்ந்ததால் சாயம் கசிந்து திட்டாகிப் போன புள்ளி வெறும் பிழையே. தேர்ந்த கை அப்பிழையைச் செய்யாது. இரண்டையும் ஒன்றாகப் புகழ்வோர், கலையை வாழ்த்துவதாக எண்ணிக்கொண்டு நல்ல தொழிலாளியின் தேர்ச்சியையே மதிப்பிழக்கச் செய்கிறார்கள்.

முடிச்சைவிடச் சாயத்தில் குறை அதிகம். 1868இல் ஜெர்மானியர் கிரேபேயும் லீபர்மனும் சாயவேரின் செந்நிறப் பொருளாகிய அலிசரினைச் செயற்கையாக உண்டாக்கியபின் அவ்வேர் படிப்படியாக வழக்கொழிந்தது. வேலை எளிதாயிற்று, நிறங்கள் பெருகின. ஆனால் பிற்காலத்து மலிவுச் சாயங்களில் பல முதற்சலவையிலேயே விட்டுப்போவதால், புதுச் சுங்குடியை உப்பு நீரில் ஊறவைத்த பின்னரே உடுத்தும் வழக்கம் வீடுகளில் ஏற்பட்டது. சாயக்கழிவின் தீங்கை நம் விவசாயிகளுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நொய்யல் வழியே திருப்பூர்க் கழிவு காவிரியில் கலந்ததையும், 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் அவர்கள் அறிவார்கள். சுங்குடிப் பட்டறைகள் அளவில் மிகச் சிறியன. ஆயினும், சிறியது என்பதால் கழிவு நீரைச் சுத்திகரிக்கும் கடமையிலிருந்து எந்தத் தொழிலும் தப்பிவிட முடியாது.

எல்லாவற்றிலும் பெரிய குறை வேறொன்று. வீட்டுத் திண்ணையில் குனிந்தமர்ந்து, கண்ணும் முதுகும் நோக முடிச்சிடும் பெண்களின் கூலி, அவர்களுடைய பிரயாசைக்கு எவ்வகையிலும் ஈடாகவில்லை. ஆகவே அவர்களுடைய புதல்விகள் இத்தொழிலை விட்டகல்கிறார்கள், அதில் குற்றமும் இல்லை. அவ்விடத்தை, துணியில் மெழுகை அச்சால் பதித்துச் சாயமிடும் மெழுகு அச்சு பிடித்துக்கொண்டது. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்த பின்னும், சுங்குடி என்ற பெயரில் கடைகளில் விற்பவற்றுள் பெரும்பாலானவை அச்சிட்டவையே. மெழுகு அச்சும் ஒரு கைத்திறன்தான்; மலிவாகப் பலரை எட்டுகிறது; அதை நான் இகழவில்லை. ஆயின் ஒரு நாளில் முடியும் வேலையும் பல நாள் பிடிக்கும் வேலையும் ஒரே பெயரில் அருகருகே தொங்கும்போது, வாங்குவோர் மலிவானதையே எடுப்பர். முடிச்சிட்டவளின் கூலி உயர வழியே இராது. கருப்பூர்ச் சேலைக்கு ஆதரிப்போர் இல்லாமற் போனார்கள். சுங்குடிக்கு ஆதரிப்போர் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் பணம் முடிச்சிட்ட கைக்குப் போய்ச் சேரவில்லை.

ஆதலின் கும்பகோணத்திலும் தஞ்சையிலும் சேலை வணிகம் செய்வோர் 'முடிச்சுச் சுங்குடி', 'அச்சுச் சுங்குடி' என்று தனித்தனியே பெயரிட்டு, தனித்தனி விலையில் விற்க வேண்டும். வாங்கும் பெண்மணிகளோ முடிச்சு அவிழ்க்காத சேலையைக் கேட்டு வாங்கி, வீட்டில் தங்கள் கையாலேயே பிரித்துக்கொள்ள வேண்டும்.