ஒருநாள் வழிகாட்டிகளும் ஆரோன் என்னும் உடன்பணியாளனும்

வேலை தேடும் மாற்றுத்திறனாளியைப் பணியிடத்திற்கே அழைத்துச்சென்று, அங்குள்ள அனுபவமிக்க ஊழியர் ஒருவரின் துணையோடு தொழிலை அறியச்செய்வதைப் பணியிட வழிகாட்டுதல் என்கிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பரவலாக நடைபெறும் இம்முயற்சியைப் போற்றுவோர் நம்மிடையே உண்டு; நானும் அவர்களுள் ஒருவன். ஆயினும், நல்ல நோக்கத்துடன் செய்யப்படும் செயலையும் திருமறையின் ஒளியில் ஆய்ந்து பார்ப்பது இறையியலாளரின் கடமையன்றோ?

முதலில் அதன் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். உடல் ஊனமுற்றோரின் வேலைவாய்ப்பை வலியுறுத்தும் வாரம் ஒன்றை 1945-இல் அமெரிக்கச் சட்டமன்றம் ஏற்படுத்தியது. 1962-இல் 'உடல்' என்னும் சொல் நீக்கப்பட்டு, பிறவகைக் குறைபாடு உடையோரும் சேர்க்கப்பட்டனர். 1988-இல் அவ்வாரம் அக்டோபர் மாதம் முழுமைக்குமாக விரிவடைந்தது. வேலைக்கு அமர்த்துவதில் பாகுபாடு காட்டலாகாது என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆனால் சட்டம் கதவைத் திறக்குமேயன்றி, உள்ளே இருப்போரின் தயக்கத்தைப் போக்காது. ஆகவே 1999-இல், முப்பத்தாறுக்கும் குறைவான மாணவர்களைக்கொண்டு, வெள்ளை மாளிகையில் வழிகாட்டுதல் நாள் ஒன்று தொடங்கப்பட்டது. பின்னர் அது பல நகரங்களுக்குப் பரவியது. அன்று மாணவர் ஓர் ஊழியரின் நிழல்போல் உடனிருந்து, அவர்தம் பணியைக் காண்பார்.

இதன் பயனை மறுப்பதற்கில்லை. வேலை என்பது பல வேளைகளில் அறிமுகத்தால் கிடைப்பது. வீட்டிலும் தனிப்பள்ளியிலும் வளர்ந்த மாற்றுத்திறனாளிக்கு அந்த அறிமுக வட்டம் மிகச் சிறியது. அதனை ஒரு நாளேனும் விரிவாக்குவது நன்மையே.

இக்கருத்தால் கவரப்பட்டு, சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய சபையிலும் இத்தகைய நாளொன்றை ஒழுங்கு செய்தேன். ஐந்து இளைஞரைச் சபையார் சிலரின் அலுவலகங்களுக்கு அழைத்துச்சென்றோம். ஜெபம் நடந்தது, தேநீர் வழங்கப்பட்டது, நிழற்படமும் எடுக்கப்பட்டது. மாலையில், காது கேளாத பெண்ணொருத்தி ஒரு தாளில் எழுதி என்னிடம் நீட்டினாள்: "ஐயா, நாளைக்கும் வரலாமா?" எனக்கு விடை கிடைக்கவில்லை. ஐவருள் ஒருவருக்கும் அங்கு வேலை கிடைக்கவுமில்லை. இக்கட்டுரை அவ்வினாவிற்கு நான் காலந்தாழ்த்தி எழுதும் விடை.

ஒருநாள் முறையில் மூன்று குறைகளைக் காண்கிறேன். முதலாவது, விருந்தினர் வேறு, உடன்பணியாளர் வேறு. ஒரு நாள் வருகிறவரை உபசரிப்பது எளிது. நாள்தோறும் அருகில் அமர்பவரோடு பணியைப் பகிர்வதே அரிது. இரண்டாவது, கற்கவேண்டியவர் மாற்றுத்திறனாளி மட்டுமே என்னும் எண்ணம் இதில் மறைந்து கிடக்கிறது. படிக்கட்டு மட்டுமே உள்ள கட்டடத்தையும், எல்லாக் கட்டளைகளையும் வாய்மொழியாகவே வழங்கும் மேலாளரையும் எவரும் திருத்த முற்படுவதில்லை. மூன்றாவது, வழிகாட்டியின் பொறுப்பு மாலையோடு முடிந்துவிடுகிறது. நம்பிக்கையை எழுப்பிவிட்டு நாம் வீடு திரும்புகிறோம். ஏமாற்றத்தைச் சுமப்பவர் அவரே.

இதற்கு மாறான வழியும் அந்நாட்டிலேயே உண்டு. 1996-இல் சின்சினாட்டி நகரக் குழந்தைகள் மருத்துவமனையில், அவசரச் சிகிச்சைப் பிரிவின் பொறுப்பிலிருந்த எரின் ரீலி என்னும் செவிலியர், தம் பிரிவில் பொருள்களை எடுத்து அடுக்கும் பணிக்கு வருவோர் நிலைத்திராததைக் கண்டார். அறிவு வளர்ச்சிக் குறைபாடுடைய இளைஞரை இப்பணிக்குப் பயிற்றலாகாதா என வினவினார். அதன் விளைவே 'ப்ராஜெக்ட் சர்ச்' என்னும் திட்டம். பள்ளியின் இறுதியாண்டு முழுவதையும் மாணவர் பணியிடத்திலேயே கழித்து, வெவ்வேறு பிரிவுகளில் மாறிமாறிப் பயில்வர். உரிய ஊதியமுள்ள வேலையே குறிக்கோள். ஈண்டு தொடக்கம் இரக்கம் அன்று; நிறுவனத்தின் தேவை. நிஸ்பெட், ஹாக்னர் என்னும் ஆய்வாளர் இருவரும், வெளியிலிருந்து வரும் பயிற்சியாளரை மட்டும் சார்ந்திராமல் உடன்பணியாளரின் இயல்பான துணையை நாடவேண்டும் என 1988-இலேயே எடுத்துரைத்தனர்.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. யாத்திராகமம் நான்காம் அதிகாரத்தில் மோசே தன் திக்குவாயைக் காரணம் காட்டி அழைப்பைத் தட்டிக்கழிக்க முயல்கிறான். நாம் கவனிக்கத் தவறுவது யாதெனில், இறைவன் அவன் நாவைக் குணப்படுத்தியதாக அங்குச் சொல்லப்படவில்லை. அவனைப் பணியிலிருந்து விலக்கவுமில்லை. பேசவல்ல ஆரோனை உடன் அனுப்புகிறார். பணி மோசேயினுடையதாகவே நிற்கிறது. துணை மட்டும் கூட்டப்படுகிறது. ஆரோன் ஒருநாள் வழிகாட்டி அல்லன். எகிப்திலும் வனாந்தரத்திலும் உடன் நடந்தவன்.

நம் பிரசங்கங்களோ மோசேயை விட்டு, அப்போஸ்தலர் நடபடிகள் மூன்றாம் அதிகாரத்தின் அலங்கார வாசலையே நாடுகின்றன. அங்கும் சுகம் பெற்ற அற்புதத்தைப் பேசுகிறோமேயன்றி, நாள்தோறும் அம்மனிதனைச் சுமந்துவந்து வாசலில் வைத்துச் சென்றோரைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்கள் இரக்கமற்றவர் அல்லர், உழைப்பாளிகள். ஆயினும் அவர்களுடைய ஊழியம் வாசலோடு நின்றது. நான் ஒழுங்கு செய்த நாளும் அத்தகையதே.

ஒன்றும் இல்லாததினும் ஒரு நாள் மேலன்றோ எனச் சிலர் வினவலாம். தொடக்கமாயின் மேலே, முடிவாயின் அன்று. அந்நாளின் மாலையில், அடுத்து இன்ன நாளில் வருக என்று சொல்ல இயலாத நிறுவனம், காலையில் அழைப்பதற்குமுன் சிந்திப்பது நலம்.

இவ்விடத்தில் திருச்சபை தன்னையே கேட்டுக்கொள்ளவேண்டும். பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குக் கல்விப்பணி தொடங்கிய மரபு நம்முடையது. கல்வி கொடுத்தோம், கைத்தொழிலும் கற்பித்தோம். ஆனால் நம் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பேராய அலுவலகங்களிலும் எத்தனை மாற்றுத்திறனாளிகள் ஊதியம் பெறும் உடன்பணியாளராக உள்ளனர்? அரசு நிறுவனங்களில் 4 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை ஒதுக்குமாறு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பணிக்கிறது. சட்டம் வற்புறுத்தாத இடத்திலும் அன்பு வற்புறுத்தவேண்டாமா? இறையியல் மாணவரே, நீங்கள் ஆயராகச் செல்லும் இடத்தில் ஒருவருக்கேனும் ஓராண்டு உடன் நடக்கும் ஆரோனைத் தேடிக்கொடுங்கள்.

அப்பெண் எழுதிய தாள் இன்னும் என் திருமறைக்குள் இருக்கிறது. "வா, நாளையும் வா, உனக்குரிய நாற்காலி இங்கே இருக்கிறது" என்று நம் நிறுவனமொன்று எழுதித்தரும் நாளில்தான் அதனை எடுத்துவைப்பேன்.