மையும் வடுவும்: கடலோரச் சுவடிகளை முன்வைத்து

மையின் வரலாற்றை எழுதுவோர் எகிப்திலிருந்து தொடங்குவர். அது பிழையன்று. கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் இறுதியிலேயே அங்கு மையெழுத்து வழங்கியது. புகைக்கரியைப் பிசினோடு குழைத்த கருமை உரைக்கும், காவி மண்ணாலான செம்மை தலைப்புகளுக்கும் பயன்பட்டன. தெப்துனிஸ் கோயில் நூலகத்தைச் சார்ந்த, உரோமர் காலப் பாபிரஸ் துண்டுகள் 12 ஆராயப்பட்டு, அவற்றின் மையை விரைந்து உலர்த்த ஈயச் சேர்மங்கள் சேர்க்கப்பட்டிருக்கலாம் என 2020இல் ஓர் ஆய்வு தெரிவித்தது.

ஆனால், இவ்வரலாற்றை அளவுகோலாகக் கொண்டு நம் ஓலை மரபை மை அறியாத பழமை எனக் கருதுவது பொருந்தாது. பாபிரஸில் மையே எழுத்து. மை அழிந்தால் எழுத்தும் அழியும். ஓலையிலோ எழுத்தாணி கீறிய வடுவே எழுத்து. கரியும் இலைச்சாறும் தடவுவது அதனைக் கண்ணுக்குப் புலப்படுத்தவே. மை மங்கினால் மீண்டும் தடவலாம். எனவே ஓலையின் பெரும்பகை கரையான். செல்லரித்த தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் கண்டெடுக்கப்பட்ட வரலாற்றைத் திருமுறை கண்ட புராணம் பாடுவதும் இவ்விழப்பையே நினைவூட்டுகிறது.

எழுத்தாணிக்கும் ஓர் எல்லை உண்டு. ஏடு பொத்துவிடும் என்று எழுதுவோர் மெய்யெழுத்தின் புள்ளியையும் தவிர்த்தனர். புள்ளியையே உயிராகக் கொண்ட அரபெழுத்துக்கு இது ஒவ்வாது. தமிழொலிகளுக்கெனக் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் பெற்ற அரபுத்தமிழுக்கோ சிறிதும் ஒவ்வாது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட பரங்கிப்பேட்டை போன்ற கடற்றுறைகளின் முஸ்லிம்கள் காகிதத்தையும் மையையும் நாடியதற்கு இஃதொரு வலுவான காரணம் எனலாம்.

அரபு மரபும் ஒரே மையை அறிந்ததன்று. புகைக்கரி மையை 'மிதாத்' என்றும், மாசிக்காயும் அன்னபேதியும் கூட்டிய மையை 'ஹிப்ர்' என்றும் பிரித்துரைப்பதுண்டு. முன்னது நீரில் கரையும். பின்னது காலப்போக்கில் காகிதத்தையே அரிக்கும். ஆகவே, எந்த மை என்றறியாமல் ஏட்டைச் செப்பனிட முனைவது அதனை அழிப்பதாகவும் முடியலாம்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. அரபுத்தமிழைப் படிக்கவல்லோர் அருகிவிட்ட இந்நாளில், பாட்டனாரின் மருத்துவக் குறிப்போ பாடலேடோ அரபெழுத்தில் இருப்பதாலேயே சிதைந்த திருமறைத் தாளெனக் கருதப்படலாம்; கண்ணியத்தோடு மண்ணிலோ நீரிலோ சேர்க்கப்படலாம். செல்லரிப்பை நாம் காண்கிறோம், வருந்துகிறோம். நம் பக்தியே செய்யும் அழிவோ நன்மையின் தோற்றத்தில் நிகழ்கிறது. ஆதலின் பழைய ஏட்டை நீரில் இடுமுன் ஒருமுறை படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுக. மிதாத் கரைந்தபின் அதனை மீண்டும் தடவிப் படிக்க அங்கே வடு இராது.