துளியோடு இறங்கும் பூச்சு

டென்மார்க்கின் கட்டெகாட் கடலில், அன்ஹோல்ட் தீவுக்கு அருகே 111 காற்றாலைகள் நிற்கின்றன. 2013இல் முழுமையாக இயங்கத் தொடங்கியவை. சுழல்வட்டத்தின் விட்டம் 120 மீட்டர். நிமிடத்துக்குப் பதின்மூன்று சுற்றுதான். ஆனால் இறக்கையின் நுனி மணிக்கு 300 கிலோமீட்டரை நெருங்குகிறது. அந்த வேகத்தில் எதிர்ப்படும் மழைத்துளி அசையாத சுவரில் மோதினால் சுமார் 1,200 வளிமண்டல அழுத்தம் எழும். சில ஆண்டுகளிலேயே அங்கே பல இறக்கைகளின் முன்விளிம்பு அரித்துப்போய்ப் பழுதுபார்க்க நேர்ந்தது.

இந்த அடியை வாங்கிக்கொள்ள முன்விளிம்பில் பூசுவது பெரும்பாலும் பாலியூரித்தேன். தடிமன் அரை மில்லிமீட்டர் அளவுதான். மழையைத் தாங்க எஃகு போலக் கடினமான ஒன்றல்லவா வேண்டும்? எஃகு அந்த அழுத்தத்தைக் கிட்டத்தட்ட முழுதாக வாங்கும். பாலியூரித்தேனின் அடர்த்தியை அதனுள் ஒலி செல்லும் வேகத்தால் பெருக்கிப் பாருங்கள். வரும் எண் தண்ணீருக்குரிய எண்ணின் பக்கத்திலேயே நிற்கிறது. ஆகவே துளி இறங்கும்போது பரப்பும் கூடவே இறங்கிக் கொடுக்கிறது. அழுத்தம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது!

அதைவிட நுட்பம் நேரத்தில் இருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் துளியின் உச்ச அழுத்தம் ஒரு மைக்ரோ விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. அதற்குள் மூலக்கூறுச் சங்கிலிகள் நெகிழ்ந்தாக வேண்டும். விரலால் அழுத்தினால் ரப்பராக இருப்பது இந்த வேகத்தில் கண்ணாடிபோல விறைத்துவிடலாம். பாலியூரித்தேன் சங்கிலியில் மென்பகுதியும் வன்பகுதியும் மாறி மாறி வருகின்றன. முன்னது நெகிழ, பின்னது அடுத்த துளிக்குள் பழைய நிலைக்கு இழுத்துக்கொள்ள உதவுகிறது. இந்த இரண்டின் விகிதத்தை அமைப்பவரின் கைத்திறனை நான் வியக்கிறேன்.

நீரை ஒட்டவிடாத பரப்பு காப்பாற்றும் என்று நினைக்கத் தோன்றும். இந்த மோதலின் முன் நீரின் பரப்பு இழுவிசைக்கு மதிப்பே இல்லை. பரப்பில் வேண்டியது வழவழப்புதான். நசுங்கிய துளி பக்கவாட்டில், வந்ததைவிடப் பலமடங்கு வேகத்தில் பீறிடும். சிறு மேடோ குழியின் உதடோ அகப்பட்டால் அதைப் பிய்த்தெடுக்கும். பூசும்போது சிக்கிய ஒரு காற்றுக் குமிழி போதும், அரிப்பு அங்கிருந்தே தொடங்க. அதற்கு முன் நெடுங்காலம் பூச்சின் எடையில் ஒரு துளிகூடக் குறைவதில்லை. சோர்வு மட்டும் உள்ளே சேர்ந்துகொண்டிருக்கும்.

அந்தப் பிரமாண்டமான காற்றாலையில் மிக நயமான வேலைப்பாடு எது என்று கேட்டால், இந்த அரை மில்லிமீட்டரைத்தான் சொல்வேன்.