கேமரன் எடுத்த முகங்கள்

கறுப்பு வெள்ளை உருவப்படம் ஆளை நமக்கு மிக அருகில் கொண்டுவருகிறது என்று பலரும் சொல்கிறார்கள். அந்த நெருக்கம் எங்கிருந்து பிறக்கிறது என்று ஆராயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனின் படங்கள் போதும்.

கல்கத்தாவில் பிறந்த கேமரன் 48 வயதில், 1863-இல், மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவோடுதான் இக்கலைக்குள் வந்தார். 1867-இல் அவர் எடுத்த அறிவியலாளர் ஜான் ஹெர்ஷலின் படத்துக்கு இணையாக நான் வைக்கக்கூடியவை மிகச் சில. இருட்டிலிருந்து எழும் கலைந்த நரைமுடி, தளர்ந்த இமை, ஈரம் மின்னும் கண்கள். கேமரன் பயன்படுத்திய, ஈரக் கொலோடியன் என்ற வேதிக்கரைசல் பூசிய கண்ணாடித் தகடு நீல ஒளியை உடனே வாங்கும். சிவப்பை ஏறக்குறைய வாங்காது. ஆகவே சருமத்தின் சிவந்த தழும்பும் சுருக்கமும் கருத்து ஆழமாகும். உள்ளத்தை ஊடுருவியதாக நாம் வியப்பதில் ஒரு பங்கு வேதியியலுடையது. நெடுநேரம் அசையாமல் இருந்த முகத்தில் ஒப்பனைச் சிரிப்பு நிற்காது என்பதும் உண்மை. எல்லாவற்றையும்விடப் பெரியது நட்பு. 1836-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் இருவரும் பழகத் தொடங்கினார்கள். புகைப்படம் என்ற ஒன்று வந்திருப்பதை கேமரனுக்குச் சொன்னவரே ஹெர்ஷல். முப்பதாண்டுப் பழக்கத்தின் முன்னால் அவர் தயக்கமின்றி முகத்தைத் தந்திருக்கிறார்.

படம் மங்கல் என்று அக்கால விமர்சகர்கள் குறை சொன்னார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. அந்த மங்கலில்தான் முகம் மூச்சுவிடுகிறது.

என் குறை வேறு. 1875-இல் கேமரன் குடும்பத்தோடு இலங்கைக்குப் போனார். கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. வீட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்தவர்களை அவர் படமெடுத்தார்; அவர்களில் தமிழரும் இருந்ததாகக் கருதப்படுகிறது. ஒளியும் நிழலும் அதே அழகுதான். ஆனால் பலவற்றில் கேமரா தள்ளி நிற்கிறது. 1878-ஆம் ஆண்டுப் படமொன்றின் தலைப்பு களுத்துறைக் குடியானவர்கள் என்ற அளவோடு முடிகிறது. பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. ஹெர்ஷல் நினைத்திருந்தால் மறுத்திருக்கலாம். எசமானியின் கேமரா முன் நின்றவர்களால் மறுக்க முடிந்திருக்குமா?

இந்த வேறுபாட்டை மறைப்பதில் நிறமின்மைக்குப் பங்கு உண்டு. துணியின் சாயமும் மண்ணின் நிறமும் போனபின் நண்பரும் வேலையாளும் ஒரே அமைதியில் தோன்றுகிறார்கள். பார்ப்பவர் இருவரையும் அறிந்துகொண்டதாக நம்பிவிடுகிறார். இந்தக் கலையை நேசிப்பதால்தான் இது என்னை உறுத்துகிறது. இவ்விரு வகைப் படங்களையும் அருகருகே மாட்டும் காட்சிக்கூடங்கள் யார் யாரிடம் வேலை பார்த்தார்கள் என்பதையும் படத்தின் கீழே எழுத வேண்டும்.