ஐயாயிரம் மரபணுக்களை எவ்வளவு நம்பலாம்?

குடலில் வாழும் பாக்டீரியாக்கள் நம் மரபணுக்களை இயக்குகின்றன என்ற பேச்சு மருந்துக்கடைப் புரோபயாடிக் அட்டையில் தொடங்கி வாட்ஸ்ஆப் குழு வரைக்கும் வந்துவிட்டது. கம்மாபுரம், விருத்தாசலம் பக்கம் கம்பங்கூழும் பழைய சோறும் இன்னும் காலைச் சாப்பாடாக இருக்கிற ஊர்கள். அதனால் இந்தப் பேச்சு இங்கே சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. நீராகாரம் குடித்தால் மரபணுவே திருந்திவிடும் என்று சொல்கிறவர்கள்கூட உண்டு. நோயாளிகள் இதை நம்பி மருந்தை நிறுத்தும் அபாயம் இருப்பதால், ஆய்வில் எது நின்றது, எது நிற்கவில்லை என்று கறாராகப் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

இந்தப் பேச்சுக்கு அடியில் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. டெட்ராய்ட் நகரின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகமும் மின்னசோட்டா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்து, 2019இல் 'எம்சிஸ்டம்ஸ்' இதழில் வெளியிட்டது. பிரான்செஸ்கா லூகா, ரான் ப்ளெக்மன் ஆகியோர் அதை வழிநடத்தியவர்களில் முக்கியமானவர்கள். ஆரோக்கியமான 5 பேரின் குடல் நுண்ணுயிர்க் கூட்டத்தை உயிரோடு எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதப் பெருங்குடல் செல்களோடு சேர்த்து வைத்தார்கள். செல்லுக்குள் எந்த மரபணுவிலிருந்து எவ்வளவு ஆர்.என்.ஏ. உருவாகிறது என்று அளந்தார்கள். 5,000க்கும் மேற்பட்ட மரபணுக்களின் இயக்கம் கூடியோ குறைந்தோ இருந்தது. மனிதனுக்கு இருக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. அதாவது கால் பங்கு. டி.என்.ஏ.வின் எழுத்துகள் அப்படியே இருக்க, அவை படிக்கப்படும் அளவுதான் மாறியது. 'மரபணு திருந்தும்' என்ற பேச்சு இந்த முதல் படியிலேயே விழுந்துவிடுகிறது.

எல்லோரும் எடுத்துச் சொல்வது இந்த 5,000ஐத்தான். எனக்கு அது இந்த ஆய்வின் பலவீனமான எண்ணாகவே படுகிறது. நுண்ணுயிர் சேர்த்த செல்களை எதோடு ஒப்பிட்டார்கள்? நுண்ணுயிரே இல்லாத செல்களோடு. பிறந்து சில நாள் ஆன எந்த மனிதனின் பெருங்குடலும் அந்த நிலையில் இருப்பதில்லை. நம் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி இருப்பது பெருங்குடலில்தான். நுண்ணுயிர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பது நமக்கு நடைமுறைக் கேள்வியே இல்லை. இந்த நுண்ணுயிருக்குப் பதில் அந்த நுண்ணுயிர் இருந்தால் என்ன ஆகும் என்பதே கேள்வி. மாறியது என்று சொல்வது எவ்வளவு மாறியது என்பதையும் சொல்லிவிடாது.

அந்த நடைமுறைக் கேள்விக்கு ஆய்வு தரும் பதில் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. குறிப்பிட்ட நுண்ணுயிர் வகைக்கும் குறிப்பிட்ட மரபணுவுக்கும் இடையே 588 தொடர்புகளைக் கண்டார்கள். ஐந்தே பேரின் மாதிரியிலிருந்து கிடைத்த புள்ளிவிவரத் தொடர்புகள் இவை. தனியாக வைத்தால் நான் இவற்றை நம்பத் தயங்குவேன். அடுத்ததாக அவர்கள் செய்ததுதான் ஆய்வின் உயிர்நாடி. கொலின்செல்லா என்ற ஒரு பாக்டீரியாவை எடுத்து, நுண்ணுயிர்க் கூட்டத்தில் அதன் அளவைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்தார்கள். அதற்கேற்ப, முன்பே எதிர்பார்த்தபடி மரபணு இயக்கமும் மாறியது. இது வெறும் உடனிகழ்வைத் தாண்டிய காரண–விளைவுச் சான்று. இவ்வளவு நேர்த்தியான சோதனை இந்தத் துறையில் அரிது. ஆனால் இப்படி உரசிப் பார்த்தது ஒரு பாக்டீரியாவை மட்டும்தான் என்பதை மறக்கக் கூடாது.

இனி இதன் எல்லை. உயிருள்ள பெருங்குடலில் செல்களுக்கு மேல் இரண்டு அடுக்குச் சளிப்படலம் உண்டு. அதன் உள்ளடுக்கில் பாக்டீரியாக்கள் கிட்டத்தட்ட இல்லை என்று ஸ்வீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் 2008இல் எலிகளில் காட்டினார்கள். ஆகவே உடலில் செல்லை எட்டுவது பெரும்பாலும் பாக்டீரியா வெளிவிடும் பொருள்கள்தான். ஆய்வுக்கூடத் தட்டிலோ பாக்டீரியாவே நேராகச் செல்லைத் தொடுகிறது. நோய் எதிர்ப்பு செல்களும் இல்லை, இரத்த ஓட்டமும் இல்லை. அச்சிலிருந்து எடுத்த பொம்மை எவ்வளவு அழகாக இருந்தாலும், சூளையிலிருந்து விரிசல் இல்லாமல் வந்தால்தான் அது சரக்கு என்பது விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளிக்குத் தெரியும். தட்டில் வந்த முடிவும் உடலுக்குள் போய் நிற்க வேண்டும்.

உடலுக்குள் நின்றதா? ஒரு பகுதி நின்றது. 2001இலேயே செயின்ட் லூயிஸ் நகரில் லோரா ஹூப்பரும் ஜெஃப்ரி கோர்டனும், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு ஒரே ஒரு வகை குடல் பாக்டீரியாவைக் கொடுத்து, குடலின் மரபணு இயக்கம் மாறுவதைக் காட்டிவிட்டார்கள். 2016இல் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் இன்னொரு படி போனார்கள். நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அசிடேட், புரோபியோனேட், பியூட்டிரேட் ஆகிய கொழுப்பமிலங்களைக் கிருமியற்ற எலிகளுக்கு நேரடியாகக் கொடுத்தபோது, பாக்டீரியா இருந்தால் டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் காணும் மாற்றங்களில் பல திரும்ப வந்தன. நார்ச்சத்து குறைந்த மேற்கத்திய உணவு அந்த மாற்றங்களை அமுக்கியது. சாப்பாடு, பாக்டீரியா, மரபணு இயக்கம் என்ற சங்கிலியின் கண்ணிகள் இங்கே நன்றாகவே பொருந்துகின்றன.

பொருந்தாத கண்ணியும் இருக்கிறது. நுண்ணுயிர்கள் டி.என்.ஏ.வின் மூடிய பகுதிகளைத் திறந்துவிடுவதாக 2019 ஆய்வு, ஒரு பகுதி மரபணுக்களுக்கு மட்டும், சொல்கிறது. 2014இல் ஜான் ரால்ஸ் என்ற ஆய்வாளரின் குழு எலிக்குடலில் பார்த்தபோது மரபணு இயக்கம் மாறியது; ஆனால் திறப்பும் மூடலும் அப்படியே இருந்தன. விளைவு உறுதி, வழிமுறை இன்னும் தீராத வழக்காகவே இருக்கிறது.

மருத்துவத்துக்கு வருவோம். பியூட்டிரேட் பெருங்குடல் செல்களின் முதன்மையான எரிபொருள். ஹிஸ்டோனை மாற்றும் என்சைம்களையும் அது தடுக்கிறது. அப்படியானால் பெருங்குடல் புண் நோயாளிக்கு அதை எனிமாவாகக் கொடுத்தால் குணமாக வேண்டும் அல்லவா? 1992இல் ஜெர்மனியில் 10 பேரிடம் கொடுத்துப் பார்த்ததில் நல்ல பலன் தெரிந்தது. பிறகு 1990களிலேயே அதைவிடப் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் வந்தன. அவற்றில் வெறும் உப்புநீர் எனிமாவைவிட பியூட்டிரேட் தெளிவாக மேலானது என்று நிறுவ முடியவில்லை. வழிமுறை எவ்வளவு அழகாக இருந்தாலும் நோயாளியிடம் தோற்கலாம் என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் வேண்டாம்.

வெற்றி பெற்ற உதாரணம் நம் வேலூரிலேயே இருக்கிறது. அதற்கு உரிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். சி.எம்.சி. மருத்துவமனையில் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் சக ஆய்வாளர்களும் காலரா நோயாளிகள் 48 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான ஓ.ஆர்.எஸ். கரைசல், இன்னொன்றுக்கு அதோடு லிட்டருக்கு 50 கிராம் அரிசிமாவு, மூன்றாவதற்கு 50 கிராம் எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவு. செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய், பாக்டீரியாக்களால் கொழுப்பமிலமாகி, செல்கள் உப்பையும் நீரையும் உறிஞ்சத் தூண்டும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் குழுவில் மலத்தின் அளவு குறைந்தது, வயிற்றுப்போக்கும் சீக்கிரம் நின்றது. 2000இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதை வெளியிட்டது. அவர்கள் மரபணுவை அளக்கவே இல்லை, நோயாளியை அளந்தார்கள். இந்த வெற்றியை மரபணு இயக்கத்தின் கணக்கில் எழுதவும் முடியாது, ஏனென்றால் ஓரிரு நாளில் தெரிந்த இந்தப் பலனை உப்பு உறிஞ்சுதலை வைத்தே விளக்கிவிடலாம்.

அதே சி.எம்.சி.யிலிருந்து 2012இல் வந்த இன்னொரு முடிவு, நம் ஊர் எண்ணம் ஒன்றைக் கலைக்கிறது. தென்னிந்திய இளம்பெண்களிடம் பார்த்தபோது, பியூட்டிரேட் உண்டாக்கும் ஒரு பாக்டீரியா வகை, சைவ உணவு உண்பவர்களைவிட அசைவமும் உண்பவர்களிடமே அதிகம் இருந்தது. காய்கறி தின்றால் நல்ல பாக்டீரியா பெருகும் என்ற சுலபமான சூத்திரம் இங்கே நிற்கவில்லை.

என் தீர்ப்பு இது. குடல் நுண்ணுயிர்கள் குடல் செல்களின் மரபணு இயக்கத்தை மாற்றுகின்றன என்பதை ஏற்கிறேன். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. நுண்ணுயிர்க் கூட்டம் மாறினால் இயக்கமும் வேறாகும் என்பதையும் கொலின்செல்லா சோதனையின் பலத்தில், அந்த அளவுக்கு மட்டும், ஏற்கிறேன். ஒரு மாத்திரையோ ஒரு குவளை நீராகாரமோ மரபணு வழியாக நோயைத் தீர்க்கும் என்ற விற்பனைப் பேச்சைத் தள்ளுகிறேன். பழைய சோற்றைத் தள்ளவில்லை. ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடுகிறது, இரவு ஊறலில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை குடல் அழற்சி நோயாளிகளிடம் அதை ஆராய முன்வந்தது சரியான திசை.

என் தீர்ப்பை மாற்ற வேண்டுமானால் ஓர் ஆய்வு போதும். கம்மாபுரம் ஒன்றியம் போன்ற ஓர் இடத்தில், ஒரே அரிசியைச் சுடுசோறாக ஒரு குழுவுக்கும் ஊறிய சோறாக இன்னொரு குழுவுக்கும் சில மாதம் கொடுக்க வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் மலத்தில் பாக்டீரியாவையும், சம்மதிப்பவர்களிடம் எண்டோஸ்கோப்பி வழியே எடுத்த துளித் திசுவில் மரபணு இயக்கத்தையும் பார்க்க வேண்டும். கூடவே, அவர்களுக்கு வயிற்றுப் பிரச்சினை குறைந்ததா என்று, யார் எந்தக் குழு என்று தெரியாத மருத்துவர் ஒருவர் கேட்டுப் பதிய வேண்டும்.