"பெரியவர் கோ-ஆபரேட் பண்ண மாட்டேங்கறார்"

போன மழைக்காலத்தில் அப்பாவை நிமோனியா என்று சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். வயது 79. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐசியூவுக்குள் கொண்டுபோகும்போது ஒரு பிளாஸ்டிக் கவரை என்னிடம் கொடுத்தார்கள். உள்ளே அவருடைய வாட்ச், மூக்குக் கண்ணாடி, பல்செட், காது மெஷின். "தொலைஞ்சு போச்சுன்னா நாங்க பொறுப்பில்ல சார்" என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை பார்க்கப் போனபோது அப்பாவின் இரண்டு கைகளும் கட்டில் கம்பியோடு பேண்டேஜ் துணியால் கட்டப்பட்டிருந்தன. "நைட்டெல்லாம் டிரிப்ஸைப் பிடுங்கறார் சார். பெரியவர் கோ-ஆபரேட் பண்ண மாட்டேங்கறார்" என்றார் சிஸ்டர். அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "சார், நான் என்ன தப்பு பண்ணேன்? எதுக்குக் கட்டிப் போட்டிருக்காங்க?" என்று என்னிடம் கேட்டார். பெற்ற பையனை சார் என்று கூப்பிடுகிறார்.

அந்த மூன்று நாளும் காது மெஷின் என் தோள்பையில்தான் இருந்தது.

நிமோனியா குணமாகிவிட்டது. அந்த வகையில் மருத்துவமனை தன் வேலையைச் சரியாகவே செய்தது. நான் மருத்துவன் இல்லை, கோடு எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் ஏதாவது புரியவில்லை என்றால் தோண்டிப் பார்க்காமல் தூக்கம் வராது. தோண்டியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வந்ததன் பெயர் டெலிரியம். திடீரென்று வரும் மனக்குழப்பம். மறதி நோய் வேறு, இது வேறு. மறதி நோய் வருஷக்கணக்கில் மெல்ல ஏறும். டெலிரியம் ஓரிரு நாளில் வந்துவிடும். காலையில் தெளிவாக இருப்பவர் ராத்திரியில் யாரையோ பார்த்துப் பேசுவார். காய்ச்சல், நீர் வற்றுதல், தூக்கமின்மை, புது மருந்து என்று எது வேண்டுமானாலும் கிளப்பிவிடலாம். வயதானவர்கள் மருத்துவமனையில் படுத்தால் அடிக்கடி வருகிற சமாச்சாரம் இது.

அமெரிக்காவில் ஷரோன் இனோயி என்ற முதியோர் மருத்துவர் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். மருத்துவமனைக்குள் டெலிரியத்தைத் தூண்டும் ஐந்து காரணிகளை அவரும் சக ஆய்வாளரும் 1996இல் பட்டியலிட்டார்கள்: கட்டிப்போடுவது, ஊட்டக் குறைவு, மூன்றுக்கும் மேற்பட்ட மருந்துகளைப் புதிதாகச் சேர்ப்பது, மூத்திரக் குழாய் போடுவது, சிகிச்சையாலேயே நேரும் ஏதாவது ஒரு பாதிப்பு. முதலாவதை மறுபடி படியுங்கள். குழம்பியதால் கட்டுகிறோம் என்று நாம் நினைக்கிறோம். கட்டுவதே குழப்பத்தைக் கூட்டுகிறது. எங்கள் தொழிலில் இதை முடிவில்லாத லூப் என்போம்.

1999இல் அதே குழு இன்னொரு ஆய்வை வெளியிட்டது. 70 வயதும் அதற்கு மேலும் உள்ள 852 நோயாளிகள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பாதிக்குக் கூடுதலாகச் சில காரியங்கள். ஏதோ விலையுயர்ந்த மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடியை மாட்டிவிடுவது, காது கேட்க உதவுவது, தண்ணீர் குடிக்க வைப்பது, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறீர்கள் என்று பேச்சுக் கொடுப்பது, சீக்கிரம் எழுப்பி நடக்க வைப்பது. ராத்திரி தூக்க மாத்திரைக்குப் பதிலாகச் சூடான பால், முதுகை நீவிவிடுதல், மெல்லிய இசை. வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. இவர்களில் 9.9 சதவீதம்.

நம் வீட்டில் பாட்டி செய்கிற வேலைகள்தானே இவை? பரிவு என்று நாம் சொல்வதைத்தான் அவர்கள் எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். என் வாதமும் இதுதான். முதியோரிடம் பரிவு என்பது மருத்துவத்துக்கு மேலே தூவுகிற முந்திரி இல்லை. அது மருத்துவத்தின் ஒரு பகுதி. அதை விட்டால் சிகிச்சையில் ஒரு டோஸ் விட்ட மாதிரி.

அப்படியானால் ஏன் நடப்பதில்லை? "இந்தக் காலத்து நர்சுகளுக்கு இரக்கமே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த சிஸ்டருக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். ராத்திரி முழுக்க அத்தனை கட்டில்களுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். அப்பாவின் கட்டிலில் தொங்கிய சார்ட்டைப் பார்த்தேன். பிபி, சர்க்கரை, ஆக்சிஜன், எவ்வளவு நீர் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது, எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. ஒன்று விடுபட்டாலும் காலையில் கேள்வி வரும். காது மெஷின் மாட்டியிருக்கிறதா, ராத்திரி தூங்கினாரா என்பதற்குக் கட்டமே இல்லை. கட்டம் இல்லாத வேலையை யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காத வேலை நடக்காது. தனிமனிதரைத் திட்டி என்ன பயன்? படிவத்தை அமைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இது நம் ஊர்க் குறை மட்டுமில்லை. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நடந்த கவனிப்புச் சீர்கேடு பற்றி ராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான விசாரணை 2013இல் அறிக்கை தந்தது. 290 பரிந்துரைகள். நோயாளிகளுக்குச் சாப்பிடவும் குடிக்கவும்கூட உதவி கிடைக்காத நிலையைப் பதிவு செய்த விசாரணை அது. நிர்வாகத்தின் கண் நிதிக் கணக்கிலும் இலக்குகளிலும் இருந்தது என்று சொன்னது. அங்கேயும் எண்ணப்பட்டது நடந்தது, எண்ணப்படாதது விடுபட்டது.

தமிழ்நாட்டில் இந்த அறிவு இல்லாமலும் இல்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978லேயே டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கென்று புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 2024இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் 2011 கணக்கெடுப்பிலேயே நம் மாநிலத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். இவர்களில் பெரும்பாலோர் போய்ப் படுப்பது பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமிலும் சாதாரண வார்டிலும்தான். அந்த அறிவு அங்கே வந்து சேர வேண்டும்.

இன்னொன்று, மொழி. தமிழில் ஒரு "ங்க" போதும், ஆள் மாறிவிடுவார். "கையை நீட்டுங்க தாத்தா" என்றும் சொன்னார்கள், "ஏய் தாத்தா, கையை நீட்டு" என்றும் சொன்னார்கள். ஊசி ஒன்றேதான். ஐம்பது பேரை மேய்த்த லைன் இன்ஸ்பெக்டருக்கு இரண்டாவது எப்படிக் கேட்டிருக்கும்? இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்ற இளம் முதியோர் மருத்துவர், தானே புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, வந்து போனவர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்று கவனித்தார். "வணக்கம், என் பெயர் இது" என்று தொடங்குங்கள் என்று 2013இல் ஒரு இயக்கத்தை ஆரம்பித்தார். 2016இல் இறந்துபோனார். பெயர் சொல்ல எந்த பட்ஜெட்டும் தேவையில்லை.

நான் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். கவரை வாங்கிக்கொண்டவன் நான். "அவருக்குக் காது கேட்காது, மெஷின் இல்லாமல் நீங்கள் சொல்வது எதுவும் விளங்காது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. மூன்றாம் நாள் டியூட்டி டாக்டரிடம் கெஞ்சி மெஷினையும் கண்ணாடியையும் மாட்டிவிட்டோம். கட்டை அவிழ்த்துவிட்டு, மாற்றி மாற்றி ஒருத்தர் பக்கத்தில் இருக்க அனுமதி கேட்டோம். கொடுத்தார்கள். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மருந்தும் வேலை செய்திருக்கும். ஆனால் ரெண்டு நாள் கழித்து, "ஏன்டா, ஆபீசுக்கு லீவு போட்டியா?" என்று கேட்டார்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறார். போன மாதம் கால் இரண்டும் வீங்கியிருப்பதை அம்மாதான் வேட்டி மாற்றும்போது பார்த்தாள். நாலு நாளாக மூடி மறைத்திருக்கிறார். ஏம்ப்பா சொல்லலை என்றேன்.

"சொன்னா கொண்டுபோய் கட்டிப் போடுவீங்க."