பாக்கி முறையும் பட்டறைத் தலைமையும்: குமாரபாளையம் விசைத்தறித் தொழிலை முன்வைத்து ஒரு மதிப்பீடு

விசைத்தறிப் பட்டறையில் வேலைக்குச் சேரும் தொழிலாளிக்கு முதலாளி மொத்தமாகக் கொடுக்கும் முன்பணத்தைக் குமாரபாளையம் வட்டாரத்தில் பாக்கி என்கிறார்கள். இதற்குப் பொதுவாக வட்டி கிடையாது. வாரக் கூலியில் சிறிது சிறிதாகப் பிடிப்பதுண்டு. பிடிக்காமலே விடுவதும் உண்டு. தொழிலாளி அந்தப் பட்டறையில் தறி ஓட்டும் வரை தொகை நிலுவையில் நிற்கும்; விலகும்போது முழுவதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆளை நிறுத்தி வைக்க இந்தத் தொழில் கைக்கொண்டுள்ள முதன்மையான வழி இதுவே. தொழிலை நடத்திப் பழகும் ஒருவர் ஆட்களை நடத்துவதில் எவற்றைக் கற்கிறார், எவற்றைக் கற்காமலே விட்டுவிடுகிறார் என்ற இரண்டையும் இந்த வழக்கத்தைக் கொண்டு மதிப்பிடலாம்.

தொழிலும் முதலாளியும்

குமாரபாளையம் காவிரியின் கிழக்குக் கரையில் உள்ளது. எதிர்க்கரையில் ஜமக்காளத்துக்குப் பெயர்பெற்ற பவானி. சேலம் மாவட்டத்திலிருந்து 1997இல் நாமக்கல் மாவட்டம் பிரிந்தபோது இவ்வூர் புதிய மாவட்டத்துக்குள் வந்தது. கைத்தறி நெசவில் ஊன்றிய ஊர், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் படிப்படியாக விசைத்தறிக்கு மாறியது. லுங்கி, துண்டு, சேலை முதலியவை இங்கே நெய்யப்படுகின்றன. நூலுக்குச் சாயமேற்றச் சாயப்பட்டறை, பாவுக்குக் கஞ்சியேற்றச் சைசிங் ஆலை, ஊடைநூலைத் தாராகச் சுற்றும் வீடுகள், துணி வாங்கும் ஜவுளிக் கடைகள் எனத் தொழிலின் எல்லாக் கண்ணிகளும் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன.

பட்டறைகளில் பெரும்பாலானவை சிறியவை. நூல் வாங்குவது, பாவு ஏற்றுவது, பழுது பார்க்க ஆள் பிடிப்பது, கணக்கு எழுதுவது, துணி விற்பது எல்லாம் முதலாளியின் வேலை. பரம்பரை நெசவுச் சமூகத்தாரோடு, விவசாயத்திலிருந்து வந்தவர்களும் முதலாளிகள் ஆகியிருக்கிறார்கள். தாமே தறி ஓட்டிப் பின்னர் சொந்தத் தறி போட்டவர்களும் இவர்களிடையே உண்டு. ஆள் நடத்தும் கலையை இவர்களுக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித் தரவில்லை. பட்டறைதான் பள்ளி, பாக்கிதான் அங்கே முதலில் படிக்க வேண்டிய பாடம்.

நடைமுறை

சேர வரும் தொழிலாளி தன் தேவையைச் சொல்லி ஒரு தொகை கேட்கிறார். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்தால் தொகை கூடும். ஒருவர் தறி ஓட்ட, மற்றவர் தார் சுற்றுவதோ அவரும் தறி ஓட்டுவதோ நடக்கும். கூலி நெய்த அளவுக்கு ஏற்ப வாரந்தோறும் கணக்கிடப்படுகிறது. திருமணம், காதுகுத்து, மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம் என்று வரும்போது பாக்கியின் மேல் பாக்கி ஏறுகிறது. விலக நினைப்பவர் பெரும்பாலும் புதிய முதலாளியிடம் பாக்கி வாங்கிப் பழையவரின் பாக்கியைத் தீர்க்கிறார். ஆள் இடம் மாறுகிறார்; கடன் அவரோடு கூடவே போகிறது. தொழில் மும்முரமாக இருக்கும் காலத்தில் ஆளுக்குப் போட்டி எழுவதால் பாக்கித் தொகையும் உயர்கிறது.

வேரூன்றிய காரணங்கள்

முதல் காரணம் தறியின் இயல்பு. ஒரு தொழிலாளி பல தறிகளைப் பார்த்துக்கொள்கிறார். அவர் ஒருநாள் வராவிட்டால் அத்தனை தறிகளும் நிற்கும். கடனுக்கு வாங்கிய நூல் பாவாக உருளையில் ஏறிய பின் தறி நிற்கும் ஒவ்வொரு நாளும் நட்டம். எனவே, திறமையான ஆளைவிட நாள் தவறாமல் வரும் ஆள் முதலாளிக்குப் பெரிதாகத் தெரிகிறார்.

இரண்டாவது, தொழிலாளிக்கு வேறு கடன் வாயில் குறைவு. ஈடு வைக்கச் சொத்து இல்லாதவருக்கு வங்கி எளிதில் கடன் தருவதில்லை. மற்ற வழி கந்துவட்டிதான். 2003இலேயே அதற்கு எதிராகத் தமிழ்நாடு சட்டம் இயற்றியும் அது ஒழியவில்லை.

மூன்றாவது, பட்டறையின் சிறிய அளவு. வருங்கால வைப்புநிதி பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கும், ஈ.எஸ்.ஐ., பணிக்கொடை ஆகியன 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கும் பொருந்துபவை. சிறு பட்டறைகள் இந்த வரம்புகளுக்குக் கீழே நின்றுவிடுகின்றன. ஓர் ஆலைத் தொழிலாளியை வேலையில் நிலைக்கச் செய்யும் சேமிப்பும் காப்பீடும் இங்கே கிடையா. அந்த வெற்றிடத்தைப் பாக்கி நிரப்புகிறது.

நிறைகள்

கடன் என்ற அளவில் பாக்கி தொழிலாளிக்கு நன்மை செய்கிறது. வட்டியில்லாத் தொகை, பத்திரமோ ஈடோ இல்லாமல், கேட்ட சில நாளில் கிடைக்கிறது. திடீர் மருத்துவச் செலவு வரும் குடும்பத்துக்கு இதைவிட விரைவான உதவி வேறில்லை.

முதலாளிக்கு இது ஆளறியும் பயிற்சி. யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்ய, அந்த ஆளின் கைத்திறம், குடிப்பழக்கம், வீட்டுநிலை, முந்தைய பட்டறையில் எடுத்த பெயர் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். வங்கி மேலாளர் காகிதத்தில் பார்ப்பதை இவர் நேரில் பார்க்கிறார். எழுத்தில்லாத கணக்கு என்பதால் சொன்ன சொல்லைக் காப்பதும் கட்டாயம். வாரக் கூலியை ஒருமுறை தள்ளிப் போட்டவருடைய பெயர் அடுத்த வாரத்துக்குள் தெரு முழுக்கப் பரவும். எல்லாவற்றுக்கும் மேலாக, மற்றவர் வாழ்வுக்குத் தன் முதலை ஈடாக வைக்கும் பொறுப்பை இம்முறை முதலாளிமீது சுமத்துகிறது. விற்பனை மந்தமான மாதத்திலும் கூலிக்குப் பணம் புரட்டும் பழக்கம் இதிலிருந்து வருகிறது. ஆட்களை எண்ணிக்கையாக மட்டும் பார்க்கும் பெருநிறுவன நிர்வாகத்தில் இந்த அறிவும் நெருக்கமும் அரிது.

குறைகள்

முதல் குறை, நிற்பதை விசுவாசம் என்று எண்ணவைப்பது. பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில், நிறுவனத்தில் மனக்குறை கொண்டவருக்கு விலகிப் போவது, குரல் எழுப்புவது என இரு வழிகள் உண்டென்றும், விசுவாசம் இவ்விரண்டுக்கும் இடையே செயல்படுகிறது என்றும் விளக்கினார். விலகும் வழி திறந்திருக்கும்போதுதான் ஒருவர் நிற்பதற்குப் பொருள் உண்டு. பாக்கி அந்த வழியை அடைக்கிறது. ஐந்தாண்டு நின்ற தொழிலாளி பட்டறையை விரும்பி நின்றாரா, கடனைத் தீர்க்க முடியாமல் நின்றாரா என்பது முதலாளிக்கே தெரியாமல் போகிறது. தன் தலைமையின் தரத்தை அளக்கும் கருவியை அவர் தாமே பழுதாக்கிக்கொள்கிறார்.

இரண்டாவது, வேலையைச் சீர்செய்யும் கட்டாயம் தளர்ந்துவிடுவது. தறி இரைச்சல், பஞ்சுத் தூசி, 12 மணி நேர ஷிப்ட், போதாத காற்றோட்டம் ஆகியவற்றால் ஒருவர் விலகினால் அது முதலாளிக்கு ஓர் எச்சரிக்கை. பாக்கி இருக்கும் இடத்தில் அந்த எச்சரிக்கை எழுவதே இல்லை. கூலி உயர்வு கேட்கும் இடத்தில் பாக்கி உயர்வு கொடுத்துச் சமாளிப்பதும் எளிதாகிவிடுகிறது. வருமானமாக வந்திருக்க வேண்டிய பணம் கடனாகத் தொழிலாளியின் கைக்கு வருகிறது.

மூன்றாவது, முதல் முடங்குவது. பத்துப் பேருக்குக் கொடுத்த பாக்கி, புதிய தறிக்கோ பழுது நீக்கத்துக்கோ போகாமல் ஆட்களிடம் நிற்கிறது. சொல்லாமல் வேலையை விட்டவரிடமிருந்து அது திரும்புவதும் உறுதியில்லை. ஊடைநூலைக் கொண்டுசெல்லும் நாடா இல்லாத தறிகள் பெருகும் காலத்தில், நாடாத் தறிக்கு ஆள் பிடிப்பதிலேயே முதலைச் செலவிடும் பட்டறை பின்தங்கும்.

நான்காவது, சட்டச் சிக்கல். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி, முன்பணத்தைக் காட்டி ஒருவர் வேறிடத்தில் வேலை பார்க்கும் உரிமையையோ, விரும்பிய இடத்துக்குச் செல்லும் உரிமையையோ பறித்தால் அது கொத்தடிமை முறை. அத்தகைய கடன் சட்டத்தின் பார்வையில் அழிந்த கடன்; குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கடன் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. கடனைக் காட்டி ஆளைத் தடுப்பதையே தடுக்கிறது. இந்தக் கோட்டை எங்கே தாண்டுகிறோம் என்பதை அறியாத முதலாளி, உதவி செய்வதாக நினைத்தே குற்றவாளியாகக்கூடும்.

ஐந்தாவது, குடும்பச் சுமை. தம்பதிக்குச் சேர்த்துக் கொடுத்த பாக்கியில் ஒருவர் நோயுற்றாலும் மற்றவர் உழைத்துத் தீர்க்க வேண்டும். பாக்கி போதாதபோது வெளிக்கடன் சேர்கிறது. கடனும் வறுமையும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பக்கத்து ஊரே சான்று. பள்ளிபாளையம் வட்டார விசைத்தறித் தொழிலாளர்களை இடைத்தரகர்கள் சிறுநீரகம் விற்க வைத்ததாக 2025 ஜூலையில் எழுந்த புகார் மாநில அரசின் விசாரணைக்கும், பின்னர் உயர்நீதிமன்றம் அமைத்த சிறப்புப் புலனாய்வுக்கும் உள்ளானது.

ஆய்வாளர் கருத்துகள்

குஜராத்தில் நெடுங்காலம் களஆய்வு செய்த டச்சுச் சமூகவியலாளர் யான் பிரெமன், பழைய பண்ணையடிமை முறை மறைந்த பின்னும் முன்பணத்தின் வழியே தொடரும் கட்டுண்ட உழைப்பைப் 'புதுக் கொத்தடிமை' என்று அடையாளப்படுத்தினார். பழைய பண்ணையாருக்கு இருந்த காக்கும் கடமை இதில் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம்.

மானிடவியலாளர் கெயர்ட் டி நெவ் 1990களில் பவானியிலும் குமாரபாளையத்திலும் தங்கி ஆராய்ந்து, 1999இல் பாக்கி பற்றிய கட்டுரையையும் 2005இல் ஒரு நூலையும் வெளியிட்டார். பாக்கி தொழிலாளியைக் கட்டுகிறது என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் பாக்கியைக் கேட்டு வாங்குவதும், கூட்டிக் கேட்பதும், வேறு முதலாளியிடம் வாங்கித் தாவுவதும் தொழிலாளியின் கையிலுள்ள உபாயங்கள் என்றும், முதலாளி நினைத்த அளவுக்கு அது ஆளைக் கட்டுப்படுத்தவில்லை என்றும் காட்டினார். சொந்தக்காரர் என்று உறவுமுறை பேசி ஆளைப் பிடித்து வைக்கும் முயற்சியும் போதிய பலன் தருவதில்லை என்பது அவருடைய 2008ஆம் ஆண்டுக் கட்டுரையின் முடிவு.

இரு கருத்துகளும் தலைமை பற்றிய ஒரே முடிவுக்கு இட்டுச் செல்கின்றன. பாக்கி ஆளைக் கட்டிப்போட்டால் அது அநீதி. கட்டிப்போடாவிட்டால் அது வீண்செலவு. பணத்தால் வாங்கிய நிலைத்தன்மை எந்த வகையிலும் உறுதியானதாக அமையவில்லை.

பிற முறைகளோடு ஒப்பீடு

மேற்குத் தமிழகத்தின் நூற்பாலைகளில் பரவியிருந்த சுமங்கலித் திட்டம் இதன் மறுதலை. இளம்பெண்கள் மூன்றாண்டு போல வேலை செய்து முடித்த பின் திருமணச் செலவுக்கென ஒரு மொத்தத் தொகை தரப்படும். இடையில் விலகினால் அதை இழக்க நேரிடும். பாக்கி வாங்கிய பணத்தால் கட்டுகிறது. சுமங்கலித் திட்டம் வரப்போகும் பணத்தால் கட்டியது. குறித்த காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று மென்பொருள் நிறுவனங்கள் பட்டதாரிகளிடம் வாங்கும் ஒப்பந்தமும் இந்த வகையைச் சேர்ந்ததே. அது எழுத்தில் இருக்கிறது என்பது மட்டும் வேறுபாடு.

வேறொரு வழியை ஹென்றி ஃபோர்டு காட்டினார். அவருடைய கார் ஆலையில் 1913இல் ஏறத்தாழ 14,000 பேரை நிலைநிறுத்த 50,000க்கும் மேற்பட்டோரை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாள் வருமானத்தை ஐந்து டாலராக, அதாவது ஏறக்குறைய இரு மடங்காக, உயர்த்தி வேலை நேரத்தை எட்டு மணியாகக் குறைத்தார். விலகுவோர் எண்ணிக்கை வேகமாகச் சரிந்தது. ஆனால் அந்தத் தொகையைப் பெறத் தகுதியுண்டா என்று பார்க்கத் தொழிலாளர் வீடுகளுக்கே ஆய்வாளர்களை அனுப்பினார். கூலியால் நிறுத்தினாலும் தனிவாழ்வில் தலையிடும் ஆசை முதலாளியை விடுவதில்லை என்பதற்கு இது சான்று.

ஃபோர்டின் வழி குமாரபாளையத்துக்கு அப்படியே பொருந்தாது. இங்கே பட்டறைக்காரரின் ஆதாயத்தைத் துணி வாங்கும் வியாபாரியும் நூல் விலையும் தீர்மானிக்கிறார்கள். ஜவுளி உற்பத்தியாளர்களிடம் பாவு வாங்கிக் கூலிக்கு நெய்து தரும் மேற்கு மாவட்டங்களின் கூலித்தறி உரிமையாளர்கள் அவர்களிடம் கூலி உயர்வு கேட்டு 2022இல் வாரக்கணக்கில் தறிகளை நிறுத்தினார்கள். எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் உரிய காலத்தில் கூலி உயர்வும் வேண்டும் என்று மேலே கேட்கும் உரிமையாளர், அதையே கீழே தன் தொழிலாளிக்கும் தரவேண்டியவர் என்ற சமநிலை உணர்வு தலைமைக்கு இன்றியமையாதது.

சீர்திருத்தத்துக்கான வழிகள்

பாக்கியை ஒரே நாளில் நிறுத்தினால் தொழிலாளி கந்துவட்டிக்குத் தள்ளப்படுவார். எனவே கடனையும் வேலையையும் பிரிப்பதே முதல் படி. தொகையை இருவரும் கையெழுத்திட்ட ஏட்டில் எழுதுவது, வாரப் பிடித்தத்துக்கு வரம்பு வைப்பது, விலகிய பின்னும் தவணையில் கட்ட இடமளிப்பது ஆகிய மூன்றும் முதலாளியே செய்யக்கூடியவை. மூன்றாவதுதான் கடினமானது, ஆனால் பாக்கியைப் பூட்டாக இல்லாமல் கடனாக மாற்றுவது அது ஒன்றே.

அடுத்தது கூட்டு ஏற்பாடு. தீபாவளி போனசும் கூலி உயர்வும் குமாரபாளையத்தில் உரிமையாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் அதிகாரிகள் முன்னிலையில் பேசி முடிவாகும் வழக்கம் உள்ளது. பாக்கியின் உச்ச அளவையும் திருப்பும் முறையையும் அதே மேசைக்குக் கொண்டுவர முடியும். தனிப் பட்டறையால் தர முடியாத சேமிப்பு நிதியையும் அவசரக் கடனையும் கூட்டுறவு அமைப்பின் வழியே பல பட்டறைகள் சேர்ந்து தரலாம்.

மதிப்பீடு

பாக்கி முறை முதலாளிக்கு ஆளறியவும் வாக்குக் காக்கவும் பொறுப்பேற்கவும் கற்றுத் தருகிறது. இவை சிறு தொழில் தலைமையின் அடிப்படைகள். ஆனால் குறையைக் கேட்கவும், வேலையிடத்தைச் சீர்செய்யவும், போக விரும்புபவரைப் போகவிடவும் அது கற்றுத் தருவதில்லை. முதல் மூன்றோடு நின்றுவிட்டவர் நல்ல கடன்காரரை அடையாளம் காணத் தெரிந்தவராவார்; பிந்திய மூன்றையும் பழகியவரே தலைவராவார். ஒரு பட்டறையின் தலைமையை மதிப்பிட எளிய அளவுகோல், பாக்கி ஏதும் இல்லாத தொழிலாளிகள் அங்கே எத்தனை பேர், எத்தனை ஆண்டுகளாக வேலை செய்கிறார்கள் என்பதே.